குடி சிகிச்சை முடிஞ்சு அண்ணன் வீட்டுக்கு வர்றார், மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சதும் கடலுக்கு அனுப்பலாமா?

தண்டையார்பேட்டை தங்கை:

அண்ணனுக்கு வயசு 41. காசிமேட்டில் விசைப்படகு தொழிலாளி. பத்து வருஷத்துக்கு மேல தினமும் குவாட்டர், கடைசி ரெண்டு வருஷம் காலையில் எழுந்ததும் கட்டிங். ஏப்ரல் கடைசியில் திடீர்னு நிறுத்தினப்போ மறுநாளே வலிப்பு வந்துச்சு. அரசு மருத்துவமனையில் மூணு வாரம் வச்சிருந்து இந்த வாரம் டிஸ்சார்ஜ் பண்றாங்க. மாத்திரை: குடியை விட டைசல்ஃபிராம் 250 காலையில் ஒண்ணு, தயமின் (வைட்டமின் பி1) 100 ரெண்டு வேளை, வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் ராத்திரி.

டைசல்ஃபிராம் சாப்பிட அவருக்கு அரை மனசுதான். குழம்புல கலந்து கொடுத்துடுன்னு அண்ணியோட அம்மா சொல்றாங்க. அதோட, சாயந்திரம் ஆனா என்ன பண்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கப் போறாரேன்னு அண்ணிக்குப் பயம். பேட்டா பணம் கையில் வந்தா என்ன ஆகுமோன்னு இன்னொரு பயம். ஜூன் 14 ராத்திரியோட தடைக்காலம் முடியுது, 15ஆம் தேதியே போட்டுக்குப் போறேன்னு சொல்றார். விஷயம் தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

ஓபி சீட்டு:

சகோதரி, முதலில் குழம்பு விஷயம். கலந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். டைசல்ஃபிராம் ஆசையைக் குறைக்கும் மருந்து இல்லை. மது உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. அதை மேற்கொண்டு உடைக்கும் நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடும். அதனால் மேலே குடித்தால் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். தெரிந்து சாப்பிடுபவரை அந்தப் பயம் காப்பாற்றுகிறது. தெரியாமல் சாப்பிடுபவருக்குப் பயம் கிடையாது, ஆபத்து மட்டும்தான். மாத்திரையை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை இந்த விளைவு வரலாம் என்பதால், "நேற்று போடவில்லை, இன்றைக்குக் குடிக்கலாம்" என்ற கணக்கும் செல்லாது.

அரை மனசு என்றால் அதை டாக்டரிடம் அவரே சொல்லட்டும். வேறு மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன் 50 மி.கி. தினம் ஒன்று, ஆசையைக் குறைக்கும். ஓபியாய்டு வகை வலி மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் 333 மி.கி. இரண்டிரண்டாக மூன்று வேளை. கல்லீரல் பழுதானவருக்கும் கொடுக்கலாம், ஆனால் சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத்தான். கல்லீரல் சுருக்கம் இருப்பவருக்குப் பேக்லோஃபென் கொடுப்பதும் உண்டு.

டைசல்ஃபிராமையே தொடர்வதாக இருந்தால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி எதிரில் அவரே எடுத்துப் போட்டுக்கொள்வது நல்ல முறை. அண்ணி அதைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் பழைய கடன், பழைய சண்டை எதையும் எடுக்கக் கூடாது. மாத்திரை போட்ட நாளில் ராத்திரி வாயை மோந்து பார்ப்பதும் கூடாது. இதை இரண்டு பேரும் டாக்டர் முன்னால் பேசி ஒத்துக்கொண்டால்தான் நிற்கும். சந்தேகத்தில் கொடுக்கிற மாத்திரை ஒரு வாரத்தில் நாக்குக்கு அடியில் ஒளிந்து குப்பைக்குப் போய்விடும்.

உங்கள் சீட்டில் நான் முதலில் கவனித்தது ஃபெனிட்டாய்ன். டைசல்ஃபிராம் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நடை தள்ளாட்டம், கண் ஆட்டம், நாக்குக் குழறல் வந்தால் "குடித்திருக்கிறான்" என்று வீட்டில் சண்டை ஆரம்பிக்கும். உண்மையில் மருந்து கூடியிருக்கும். அடுத்த ஓபியில் இரண்டு மாத்திரையையும் சேர்த்துக் காட்டி, ஃபெனிட்டாய்ன் இன்னும் தேவையா என்று கேளுங்கள். குடியை நிறுத்தியதால் மட்டும் வந்த வலிப்புக்கு வழக்கமாக நீண்டநாள் வலிப்பு மருந்து தேவைப்படாது. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கல்லீரல் பரிசோதனை ஆரம்பத்தில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டங்காப்பி நிறமானால் டைசல்ஃபிராமை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதுவார்கள், அதோடு டைசல்ஃபிராம் சேர்ந்தால் மனக்குழப்பம் வரும். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் தானாக ஊறிய மது உண்டு. சில இருமல் சிரப்பிலும் உண்டு. பாதம் எரிந்தால் அதையும் சொல்லுங்கள், குடியாலும் வரும், இந்த மாத்திரையாலும் வரும்.

ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை வசதி, மனநலப் பிரிவும் கல்லீரல் சிகிச்சையும் ஒரே இடத்தில். அடுத்தது கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மனநல உதவி எண் 14416; போதை மீட்புக்கென்றே உள்ள எண் 14446. இரண்டும் இலவசம்.

கல்மண்டபம்:

தங்கச்சி, மருந்து பத்தி மேல தெளிவா சொல்லிட்டாங்க. நான் சாயந்திரத்தைப் பத்திச் சொல்றேன். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுது. ஆனா பத்து மணி நேரமும் ஒரே மாதிரி ஆபத்து இல்ல. வேலை முடிஞ்சு, பசியோட, கையில காசோட, பழைய கூட்டாளியோட வீட்டுக்கு நடந்து வர்ற அந்த முக்கால் மணி நேரம்தான் ஆளைக் கவுக்கும். இந்த நாலும் ஒண்ணு சேரவே கூடாது.

இதுல சுலபமா அறுக்கக்கூடியது பசி. பசியையும் குடி ஆசையையும் பிரிச்சுப் பார்க்க ஆரம்பத்துல அவராலேயே முடியாது. அஞ்சு மணிக்குள்ள டீ பிஸ்கட் இல்லாம வயிறு நிறையற மாதிரி ஏதாவது: கேழ்வரகு கூழ், கொண்டைக்கடலை சுண்டல், ரெண்டு அவிச்ச முட்டை. ராத்திரிக்கு புழுங்கல் அரிசிச் சோறு, நெத்திலியோ மத்தியோ குழம்பு. பச்சரிசியை விட புழுங்கல்ல தயமின் அதிகம், குடிச்ச உடம்புல காலியாகறதும் அதுதான். வயிறு வீங்கி நீர் கோத்திருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தா கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூணையும் நிறுத்திடுங்க, உப்பு ஆகாது. முதல் சில வாரம் இனிப்பு நிறைய கேட்பார். கொடுங்க, ஆனா சர்க்கரை அளவு ஒருதரம் பார்த்துக்கங்க.

அடுத்தது வழி. துறைமுகத்துல இருந்து கடை வாசல் படாத ஒரு பாதையை அவரே தேர்ந்தெடுக்கணும். கால் மணி கூட ஆனாலும் பரவாயில்ல. ஆசை எழும்பினா பெரும்பாலும் 15 நிமிஷத்துல இருந்து அரை மணிக்குள்ள இறங்கிடும். அந்த அரை மணிக்கு என்ன செய்யணும்னு முன்கூட்டியே முடிவா இருக்கணும்: ரெண்டு டம்ளர் தண்ணி, குளியல், யாருக்குப் போன் போடணும்ங்கற பேர். ஒரு பேர் போதாது, மூணு பேராவது இருக்கணும். முதல் ஆள் போன் எடுக்கலன்னா அங்கயே கதை முடிஞ்சிடும்.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), அதாவது குடியை விட நினைக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடற கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டணம் இல்ல, பேர் ஊர் கேக்க மாட்டாங்க, தமிழ்லயே நடக்குது. முதல் தொண்ணூறு நாள்ல தொண்ணூறு கூட்டம்னு அங்க ஒரு வழக்கம் உண்டு. அவ்வளவு முடியலன்னாலும் வாரத்துக்கு மூணாவது போகட்டும். வடசென்னைக்குள்ள தினமும் கிடைக்காது, விம்கோ நகர் மெட்ரோ வந்த பிறகு சென்ட்ரல் பக்கம் போய் வர்றது சிரமமில்ல. அண்ணிக்கு, குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னே அல்-அனான்னு தனிக் கூட்டம் இருக்கு. அவங்க போறது அண்ணன் போறதை விடக் குறைஞ்ச விஷயம் இல்ல.

சாவு வீடு. நம்ம பக்கத்துல கல்யாணத்தை விட இதுதான் பெரிய கண்டம். போகாம இருக்க முடியாது, போகாம இருக்கவும் கூடாது. காலையில போகணும், மாலை போடணும், சாப்பிட்டுட்டுப் போயிருக்கணும், குடிக்காத ஒருத்தர் கூடவே இருக்கணும். பாடை எடுத்து மேளம் கிளம்பினதும் பாட்டில் சுத்த ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி வீட்டுக்குத் திரும்பிடணும். யாராவது கேட்டா "மாத்திரை சாப்பிடறேன், குடிச்சா ஆஸ்பத்திரிதான்" இந்த ஒரே வரி. விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா எதிராளி பேரம் பேசுவான்.

"பீர் மட்டும்"னு ஒருத்தன் கட்டாயம் வருவான். 42.8 சதவீத குவாட்டர் 180 மில்லியில சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில சுமார் 40 கிராம். கணக்கைச் சொல்லி வச்சிடுங்க.

பணம்: பேட்டா, பங்கு ரெண்டையும் வங்கிக் கணக்குல போடச் சொல்லி ஓனர்கிட்ட அண்ணனே கேட்கணும். அண்ணி போய்க் கேட்டா கரையில அவருக்கு அவமானம், அந்த அவமானமே குடிக்கக் காரணமாகும். கையில டீக்கும் பஸ்ஸுக்கும் மட்டும். எவ்வளவுன்னு அவர் வாயால ஒரு தொகை வரட்டும். போன்ல யூபிஐ இருந்தா அதோட தினசரி வரம்பையும் குறைச்சு வையுங்க, இல்லன்னா மத்த ஏற்பாடெல்லாம் வீண். தபால் ஆபீஸ் ஆர்.டி. (மாசாமாசம் கட்டற சேமிப்பு) மாசம் 100 ரூபாய்ல ஆரம்பிக்கலாம். பழைய கடனை முதல் மாசத்துலயே அடைக்கப் பார்க்காதீங்க, அந்த அவசரம்தான் தயாராகறதுக்கு முன்னாடி கடலுக்குத் துரத்தும்.

தண்டையார்பேட்டை தங்கை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குழம்பு யோசனையை இன்னைக்கே நிறுத்திட்டோம். இன்னும் ரெண்டு கேள்வி. தடைக்காலம் முடியற வரைக்கும் தனியார் மறுவாழ்வு மையத்துல போட்டுடலாம்னு மாமா சொல்றார், சரியா? 15ஆம் தேதி கடல் பத்தியும் சொல்லுங்க. தூக்கம் வேற சரியா இல்லையாம்.

எண்ணூர் கரை:

அக்கா, சிகிச்சை முடிஞ்சு தெளிவா இருக்கிற ஆளை அவர் சம்மதம் இல்லாம மையத்துல அடைக்கிறது தப்பு. அவரே விரும்பினா போகலாம். அப்பவும் மாநில மனநல ஆணையத்தோட பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்க. சமையல்கட்டு, படுக்கை, கழிவறை மூணையும் உள்ளே போய்ப் பார்க்க விடணும். டாக்டர் எந்தெந்த நாள் வர்றார்னு கேளுங்க. வீட்டுக்குப் போன் பேச விடலன்னா வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடறது குற்றம், தானா வந்து சேர்ந்தவர் தானா வெளியேறவும் கேட்கலாம். "ராத்திரியில வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம்"னு சொல்ற இடத்தோட பேச்சே வேண்டாம்.

கடல் விஷயத்துல 15ஆம் தேதி தங்கு கடல் (நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கறது) வேண்டாம்னு அழுத்தமா சொல்றேன். வலிப்பு வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. கரையில வலிப்பு வந்தா தலையில அடி, கடல்ல வந்தா ஆளே கிடைக்காது. வின்ச் (கயிறு சுத்தற மெஷின்) பக்கத்துல, வலை இழுக்கிற கயித்துப் பக்கத்துல வந்தா கை போயிடும். பத்து நாள் தங்கு கடல்ல போன் எடுக்காது, ஆஸ்பத்திரி கிடையாது, ராத்திரி முழிப்பு வேற. தூக்கக் கேடு வலிப்பையும் தூண்டும், ஆசையையும் தூண்டும்.

தடைக்காலத்துல கரையிலயே வேலை இருக்கு: வலை பின்றது, போட்டு மராமத்து, பெயின்ட். டைசல்ஃபிராம் சாப்பிடறவர் மூடின இன்ஜின் ரூமுக்குள்ள தின்னர், வார்னிஷ் ஆவியில நிக்க வேண்டாம், வெளிப்பக்க வேலையைக் கேட்டு வாங்கட்டும். சீசன் தொடங்கினதும் ஐஸ், ஏலம், எடைபோடற வேலை. டாக்டர் எழுத்துல சரின்னு கொடுத்த பிறகு, அன்னைக்கே கரை திரும்பற ஃபைபர் போட்டுல சில வாரம். அதுக்கப்புறம்தான் தங்கு கடல், அதுவும் குடிக்காத சராங்கு (போட்டை ஓட்டற தலைவர்) இருக்கிற போட்டு. போட்டுல பாட்டில் ஏறுமா ஏறாதாங்கறது சராங்கு கையில இருக்கு. லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

தூக்கம் சரியாக வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். எப்ப தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழணும், நாலு மணிக்கு மேல டீ வேண்டாம், பகல் தூக்கம் அரை மணிக்குள்ள. மெடிக்கல்ல போய் அல்பிரசோலம் மாதிரி தூக்கம் வரவைக்கிற மாத்திரை வாங்கிக்கிட்டா குடிக்குப் பதில் மாத்திரைன்னு ஆயிடும். குடியை விட்டவர் கைக்கு ஹான்ஸ் புகையிலையும் பீடியும் ரெண்டு மடங்கா வரும், அதையும் ஓபியில சொல்லுங்க. நிக்கோட்டின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. ரெண்டு அளவுல இருக்கு.

ஓபி சீட்டு:

கடல் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஒருவேளை குடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள், குடித்த அன்றைக்கு யாராலும் நிதானமாகப் பேச முடியாது.

மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஒரு மிடறு போனாலும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றைக் கவனியுங்கள். எது வந்தாலும் 108. மாத்திரையை விட்டுவிட்டுப் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், "நாளையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போது இன்னும் கடுமையாக வரலாம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை வலிப்புக்கான நேரம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை காய்ச்சல், குழப்பம், இல்லாத ஆளோடு பேசுவது எல்லாம் வரலாம். அது உயிருக்கு ஆபத்தான கட்டம், நேராக மருத்துவமனை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் குடி விவரத்தைச் சொன்னால் தயமின் முதலில் போடுவார்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுப்பதில் பயன் இல்லை. வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. டைசல்ஃபிராம், ஃபெனிட்டாய்ன் இரண்டின் பெயரும் அளவும், உங்கள் போன் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று அவர் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். மருந்து மாறினால் சீட்டையும் அன்றே மாற்றுங்கள்.