ஆர்கன் இருக்கு, 1972 மட்டும் வரலை. எங்கே தப்பு?

அரைக்கட்டை:
மூணு மாசமா ஒரு 14 நிமிஷப் பாட்டை உருட்டிக்கிட்டிருக்கேன். 7/8 தாளத்துல திரும்பத் திரும்ப வர்ற ஒரு ரிஃப், நடுவுல மெலோட்ரான் (டேப்ல பதிஞ்ச ஒலியை வாசிக்கிற கீபோர்டு) புல்லாங்குழல், கடைசியில ஆர்கன் உச்சம். 1972 வாக்குல வந்த பழைய சிம்பொனிக் ப்ராக் (ப்ரொக்ரெசிவ் ராக்) மாதிரி ஒலிக்கணும்னு ஆசை. ஹாமண்ட் பி-3 மின் ஆர்கனைப் போல ஒலிக்கிற கம்ப்யூட்டர் ப்ளகின்ல, ஒலியின் நிறத்தை மாத்தற 9 டிராபாரையும் முழுசா இழுத்துட்டேன், லெஸ்லியை (சுழலும் ஸ்பீக்கர்) வேகத்துல விட்டுட்டேன், டேப் இரைச்சல்கூடச் சேர்த்தேன். கேட்ட நண்பன் "சுத்தமா இருக்கு"ங்கறான். பாராட்டலைன்னு மட்டும் புரியுது.

மோனோ பிரியன்:
முதல்ல அந்த இரைச்சலை எடுங்க. அன்னிக்கு அதைக் குறைக்கத்தான் அவங்க பாடுபட்டாங்க.

டிராபார்888:
கட்டையை விட்டாலும் ஒலியை நீட்டி வைக்கிற சஸ்டெய்ன் பெடல்ல கால் வைக்கிறீங்களா? வைக்கிறீங்கன்னு பந்தயமே கட்டுவேன். பி-3ல அது கிடையாது. கட்டையை விட்டா ஒலி அங்கேயே அறுந்துடும், அதனால விரலை மாத்தி மாத்தித்தான் இழுத்துக் கட்டணும். ஓங்கி அடிச்சாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே அளவு சத்தம்தான். ஏற்ற இறக்கம் மொத்தமும் வலது கால்ல, வால்யூம் பெடல்ல இருக்கு. பியானோக்காரங்க எல்லாரும் வழுக்கி விழற இடம் இது. நானும் விழுந்தவன்தான்.

டிராபாரை 888000000னு (முதல் மூணு முழுசா வெளியே, மத்தது உள்ளே) வச்சு, சுரத்தோட தொடக்கத்துல ஒரு குத்து சேர்க்கிற பெர்கஷனைப் போடுங்க. எல்லா விரலையும் எடுத்துட்டு அடிச்சாத்தான் அந்த 'டிங்' வரும், சேர்த்து வாசிச்சா முதல் சுரத்துக்கு மட்டும்தான். உங்க 7/8 ரிஃப்ல எந்தச் சுரம் குத்தணுமோ அதுக்கு முன்னாடி விரலைத் தூக்குங்க. ரிஃப் தானா மூச்சு விடும்.

அப்புறம் லெஸ்லி. எங்கிட்ட லெஸ்லி 122 மாடல் ஒண்ணு இருக்கு. பின்பலகையைக் கழட்டி வச்சுப் பார்த்திருக்கேன். ஸ்விட்ச்சைத் தட்டினதும் மேல இருக்கற ஹார்ன் சட்டுனு வேகம் பிடிச்சுடும். கீழே டிரம் கனம், அது சோம்பலா சில நொடி பிந்தித்தான் வரும். நாம கேட்டு மயங்கறது அந்த இடைவெளியைத்தான். முழுப் பாட்டும் வேகத்துலயே ஓடினா அது கிடைக்காது. மெதுவுல வச்சிருந்து, நீட்டிப் பிடிச்ச கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) மேல தட்டுங்க.

டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வேணும்னா இடது கையை மெலிசாக்கணும். டீப் பர்ப்பிள் குழுவோட ஜான் லார்ட் ஹாமண்டை மார்ஷல் ஆம்ப்ல விட்டவர். அந்த அழுக்குல மூணு சுரக் கார்டை கீழே போட்டா கூழாயிடும். ஆதார சுரமும் பஞ்சமமும் போதும்.

மோனோ பிரியன்:
அந்தப் புல்லாங்குழல் எவ்வளவு நேரம் நிக்குது?

அரைக்கட்டை:
ஒரே கார்டு, 20 நொடி இருக்கும்.

மோனோ பிரியன்:
அதான். எம்400ங்கற மெலோட்ரான் மாடல்ல ஒவ்வொரு கட்டைக்கும் தனி டேப் துண்டு, சுமார் 8 நொடி ஓடும். கட்டையை விட்டாத்தான் ஸ்பிரிங் பழைய இடத்துக்கு இழுக்கும். அதுக்குள்ள கார்டை மாத்தியே ஆகணும். 20 நொடி நின்னா காது நம்பாது. 1992ல ஸ்வீடன் குழு ஆங்லகார்ட் 'ஹைப்ரிஸ்' ஆல்பம் போட்டாங்களே, அதுல மெலோட்ரானைக் கவனிச்சுக் கேளுங்க.

அரைக்கட்டை:
சஸ்டெய்ன் பெடலைப் பிடுங்கி மேஜைக்கடியில தள்ளிட்டேன். ரிஃப் அரை நாள்ல சரியாயிடுச்சு. லெஸ்லியைத் தட்டத்தான் கை கிடைக்கலை, ரெண்டும் கட்டை மேல இருக்கே?

டிராபார்888:
இடது கால் சும்மாதானே இருக்கு? அதுக்கொரு ஸ்விட்ச் வாங்குங்க.