தீபா வளைகாப்பு: சனியா, ஞாயிறா?

வசந்தி சித்தி: எல்லாருக்கும் வணக்கம். தீபா வளைகாப்பு அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை. கேன்டன்ல ஹால் பேசியாச்சு, மூணு மணி வரைக்கும் நமக்கு. அரவிந்த், செந்தில் மாமா வீட்டுல இருந்து ஆச்சியையும் வளையல் பெட்டியையும் நீதான் கூட்டிட்டு வரணும்

அரவிந்த்: சித்தி

அரவிந்த்: அன்னைக்கு எங்க மிச்சிகன் யூனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்

மதுரை பெரியம்மா: சனிக்கிழமையா? நாள் பார்த்தது யாரு?

வசந்தி சித்தி: அக்கா இங்க லீவு அன்னைக்குத்தான்

மதுரை பெரியம்மா: நம்ம வீட்டுல யாருக்கும் சனிக்கிழமை வளையல் அடுக்கினதில்ல. சொல்லிட்டேன்

வசந்தி சித்தி: மேட்ச் எத்தனை மணிக்குடா?

அரவிந்த்: தெரியாது சித்தி. 12, 3:30, இல்லன்னா ராத்திரி 7:30. டிவிக்காரங்க 12 நாளைக்கு முன்னாடிதான் சொல்வாங்க. சில சமயம் 6 நாள்

சுந்தரம் பெரியப்பா: டிவிக்காரன் நம்ம வளைகாப்புக்கு நேரம் குறிக்கிறானா

கார்த்தி: டேய், அமெரிக்காவுல ஸ்டூடன்ட்ஸ் இப்ப யாரும் மேட்சுக்கே போறதில்லன்னு எங்கயோ படிச்சேன். நீ மட்டும் ஏன்டா

அரவிந்த்: யாருண்ணா சொன்னது. வருவாங்க. லேட்டா வருவாங்க, பாதியில கிளம்பிருவாங்க. அவ்ளோதான்

செந்தில் மாமா: கார்த்தி கேட்டதால கொஞ்சம் விவரமா சொல்றேன். இங்க மிச்சிகன் யூனிவர்சிட்டியில படிச்சப்ப நான் நேர்ல பார்த்தது. 2013-ல ஸ்டூடன்ட்ஸ் உட்கார்ற முறையை மாத்தினாங்க. அதுவரைக்கும் சீனியருக்கு முன்வரிசை, யாருக்கு எந்த சீட்டுன்னு முன்னாடியே தெரியும். திடீர்னு, யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு முன்னாடி இடம்னு ஆக்கிட்டாங்க. பசங்க நேரத்துக்கு வர்றதில்ல, டிக்கெட் வாங்கினவனே நிறைய பேர் வர்றதில்லங்கறது காரணம். கூடவே விலையையும் ஏத்தினாங்க. 2012-ல 20 ஆயிரம் ஸ்டூடன்ட்ஸ் பக்கம் சீசன் டிக்கெட் வாங்கினாங்க, 2014-ல அந்த எண்ணிக்கை 12 ஆயிரம் பக்கத்துல வந்து நின்னுச்சு. டீமும் தோத்துக்கிட்டு இருந்துச்சு, அதையும் சொல்லணும். ஆனா என் ரூம் பசங்க சொன்னது ஒண்ணுதான்: சேர்ந்து நிக்க முடியலைன்னா எதுக்குடா போகணும்?

கார்த்தி: ஓ

வசந்தி சித்தி: கேட்டரிங் யாருக்கிட்ட சொல்றது? கலவை சாதம் அஞ்சு வகை வேணும்னு சம்பந்தி வீட்டுல கேக்கறாங்க

மதுரை பெரியம்மா: அஞ்சு பத்தாது. ஏழு

செந்தில் மாமா: இன்னும் முடிக்கல. ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உட்காரலாம். கொரோனா வருஷத்தை விட்டுட்டா, 1975 நவம்பர்ல இருந்து ஒரு மேட்சுக்குக்கூட கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே போனதில்லன்னு பெருமையா சொல்வாங்க. மொத்தக் கணக்குல பசங்க இல்லாதது தெரியாது. அவங்க பக்கம் நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும். பேண்ட் வாத்தியம் வாசிக்குது, கூடப் பாட ஆள் கம்மி. அப்புறம் மாணவர்கள் சண்டை போட்டு அந்த முறையை மாத்த வச்சாங்க. சீசன் டிக்கெட்டும் 280 டாலர்ல இருந்து 175-க்கு இறங்குச்சு. 2014 அக்டோபர் கடைசியில யூனிவர்சிட்டி விளையாட்டுப் பிரிவுத் தலைவர் டேவ் பிராண்டன் ராஜினாமாவே பண்ணிட்டார்

வசந்தி சித்தி: நல்லா ஞாபகம் வச்சிருக்க. 2013-ல என் வீட்டு கிரகப்பிரவேசம் என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?

கார்த்தி: ஆரம்பிச்சாச்சு

செந்தில் மாமா: அக்கா சாயங்காலம் வந்தேனே

வசந்தி சித்தி: பால் காய்ச்சினது காலையில

சுந்தரம் பெரியப்பா: விடும்மா

அரவிந்த்: மாமா அது பழைய கதை. இப்ப ஜெயிக்கிற டீம்

செந்தில் மாமா: ஜெயிச்சா மட்டும் போதாதுடா. அப்ப அலபாமா யூனிவர்சிட்டியைவிட ஜெயிச்ச டீம் உண்டா? அங்கேயே 2019-ல போன்ல ஒரு ஆப் கொடுத்து, பையன் எங்க இருக்கான்னு பார்த்தாங்க. மேட்சுக்கு வந்தா 100 பாயின்ட், நாலாவது குவார்ட்டர், அதாவது கடைசி கால்பகுதி வரைக்கும் இருந்தா இன்னும் 250. ஆட்டம் கடிகாரத்துல 60 நிமிஷம். வெளியே வரும்போது மூன்றரை மணி நேரம் ஆயிருக்கும். நடுநடுவுல விளம்பரத்துக்காக ரெண்டு டீமும் சும்மா நிக்கும். அக்டோபர் குளிர்ல பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டு, கையைத் தேய்ச்சுக்கிட்டு, டிவியில காரு விளம்பரம் முடியக் காத்திருக்கணும். ரூம்ல இருக்கிறவன் சோபாவுல ரீப்ளே பார்க்கறான். இந்தப் பசங்க இப்ப போய்ப் பழகலைன்னா நாற்பது வயசுல பிள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டு வரமாட்டாங்க. நான் கவலைப்படறது அதுக்குத்தான்

கார்த்தி: மாமா இதைத் தனிக் குழுவா ஆரம்பிக்கலாம்

சுந்தரம் பெரியப்பா: செந்தில் சொல்றது சரி. எங்க காலேஜ் ஹாக்கி மேட்சுக்கு மதுரையில மரத்து மேலயெல்லாம் ஆள் இருக்கும். இப்ப ஆடறவனும் கோச்சும்தான்

கார்த்தி: நீங்க ஆடினீங்களா பெரியப்பா?

மதுரை பெரியம்மா: மரத்து மேல இருந்தார்

ஆச்சி: குரல் பதிவு 1:42

வசந்தி சித்தி: ஆச்சி என்ன சொல்றாங்க? ஆபீஸ்ல இருக்கேன், கேக்க முடியல

அரவிந்த்: நானும் மேட்சுக்கு வரேங்கறாங்க

செந்தில் மாமா: கூட்டிட்டுப் போடா. ஸ்வெட்டர் ரெண்டு

வசந்தி சித்தி: யாரும் எங்கேயும் போகல. மேட்ச் அன்னைக்கு உன் தெருவுல கார் எடுக்க முடியாதே செந்தில், அதுக்கு வழி சொல்லு

செந்தில் மாமா: முடியாதுதான். பக்கத்து வீட்டுக்காரங்க புல்தரையிலேயே காசு வாங்கிக்கிட்டு பார்க்கிங் விடுவாங்க. ஆச்சியை வெள்ளிக்கிழமை ராத்திரியே உன் வீட்டுல விட்டுடறேன்

வசந்தி சித்தி: அப்ப அரவிந்த்?

அரவிந்த்: 3:30-ன்னா முழுசா இருக்க முடியாது சித்தி, வளையல் போட்டதும் கிளம்பிருவேன். 7:30-ன்னா சாப்பாடு பரிமாறிட்டே போவேன்

வசந்தி சித்தி: 12-ன்னா?

அரவிந்த்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மதுரை பெரியம்மா: ஞாயிறு வளர்பிறை இருக்கான்னு ஜோசியர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் பத்திரிகை அனுப்பாதீங்க

வசந்தி சித்தி: அக்கா ஹாலுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு

அரவிந்த்: டிக்கெட்டை ஃப்ரெண்டுக்குக் கொடுக்கவா வேண்டாமா, அதை மட்டும் யாராவது சொல்லுங்க