ஏரிக்கரைத் தோட்டக்காரர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மணல்மேடு:
மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரை. மே மாதம், நல்ல வெயில், அரைக்கைச் சட்டையோடு களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஏரிப் பக்கமிருந்து காற்று எழுந்தது, அவ்வளவுதான். ஒரு பாத்தி முடிவதற்குள் விரல்கள் விறைத்துவிட்டன. சில மைல் உள்ளே இருக்கும் தோழியைத் தொலைபேசியில் அழைத்தால், அங்கே வியர்த்துக் கொட்டுகிறதாம். அவள் ஆப்பிள் மரம் பூத்து உதிர்ந்துவிட்டது. என்னுடையதில் மொட்டே விரியவில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

செர்ரிக்காரன்:
ஓரவஞ்சனை உங்கள் பக்கம்தான். குளிர்காலத்துக் குளிரை ஏரி மே வரை பிடித்து வைத்திருப்பதால் மொட்டு தாமதமாக விரிகிறது, உறைபனிக்குத் தப்புகிறது. இலையுதிர் காலத்தில் இதே ஏரி கோடைச் சூட்டை மெல்ல மெல்ல விடும். தோழியின் தக்காளி கருகிய பிறகு உங்கள் செடியைப் பாருங்கள். மேற்குக் காற்று ஏரியைக் கடந்து வருவதால்தான் இந்தக் கரை நெடுகப் பழத்தோட்டங்கள். எதிரே விஸ்கான்சினில் ஏது?

பின்பனி:
ஏதா? டோர் கவுண்டி செர்ரியைக் கேள்விப்பட்டதே இல்லையா? இருபுறமும் தண்ணீர் உள்ள தீபகற்பம் அது. அப்புறம், 'தப்புகிறது' என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2012 மார்ச்சில் கோடை வெயில் அடித்தது, மரங்கள் முந்திக்கொண்டன, ஏப்ரலில் உறைபனி இறங்கியது. மிச்சிகனின் புளிப்புச் செர்ரியில் சுமார் 90 சதவீதம் போயிற்று. விடிந்ததும் ஒரு பூவை நகத்தால் பிளந்தேன். இதழ்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நடுவில், காயாக வேண்டிய சூலகம் கறுத்திருந்தது. இப்போதும் பூத்த மரத்தைக் கண்டால் நகம் தானாகப் போகிறது.

வடக்குத்தெரு:
செர்ரிச் சண்டை இருக்கட்டும். 2014 நவம்பர், ஈரி ஏரிக்கரையில் பஃபலோ நகரம். நான் நின்ற இடத்தில் வெயில். தெற்கே, ஏரியின் ஈரத்தை அள்ளி வந்த பனிமேகம், சுவர் எழுப்பியதுபோல். அதற்குள் ஐந்தடிக்கு மேல் பனி. என் தங்கை வீடு அந்தப் பக்கம்.

மணல்மேடு அவர்களுக்குச் சில யோசனைகள். பள்ளத்தில் எதையும் நடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிறங்கி அங்கேதான் தேங்கும். விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட தேதியை நம்பாமல் செடி உயரத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டுங்கள். துணி போர்த்தினால் தரைவரை தொங்கட்டும், காலையில் எடுத்துவிடுங்கள். தெற்குச் சுவரோரம் பாதாமி (ஏப்ரிகாட்) வேண்டாம், சீக்கிரம் பூத்து மாட்டிக்கொள்ளும். ஈரியின் சராசரி ஆழம் வெறும் 19 மீட்டர். அது உறைந்துவிட்டால் ஏரிப் பனிப்பொழிவு அடங்கும், வெதுவெதுப்பும் போய்விடும். உங்கள் ஏரி ஆழமானது, முழுதாக உறைவது அரிது. அந்த வகையில் கொடுத்து வைத்தவர்.

மணல்மேடு:
பாதாமி என்னிடம் இல்லை. தோட்டமும் தட்டை, பள்ளம் தோண்டினால்தான் உண்டு. உங்கள் தங்கை என்ன ஆனார், அதைச் சொல்லவே இல்லையே?