பத்து இணையத்தளங்களா, ஒன்றா? தரகு வருமானம் பற்றி ஓர் ஐயம்

கொட்டகலை இளையவன்:
அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்து, இப்போது ஹட்டனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பொருள்களைப் பற்றி இணையத்தில் எழுதி, அமேசன் போன்ற விற்பனைத் தளங்களுக்கு இணைப்புக் கொடுத்து, அவ்வழியே வாங்குபவர்களின் கொள்வனவில் தரகு பெறும் அஃபிலியேட் முறையில் மாலை நேரங்களில் ஈடுபட விரும்புகிறேன். மலையேற்றக் காலணி, தேநீர்ப் பாத்திரம், நாய் உணவு என ஒவ்வொரு சிறு துறைக்கும் ஒரு தளமாகப் பத்துத் தளங்களை அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் கட்டுரைகளை நிரப்பலாம் என்பது என் திட்டம். ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும் அல்லவா? கொழும்பில் ஒருவர் இத்தகைய பத்துத் தளங்களை ஆயத்தமாகவே விற்க முன்வந்திருக்கிறார். அம்மாவின் சீட்டுக் காசு விரைவில் கைக்கு வரும் என்பதால், அதைக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதுளைவாசி:
தம்பி, சீட்டுக் காசை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

பத்துத் தளங்களும் கூகுள் தேடலையே நம்பி, ஒரே நிறுவனத்தின் தரகில் வாழ்ந்து, ஒன்றையொன்று தாங்கி நிற்குமானால், அது ஒரே சரிவில் பத்து வீடுகளைக் கட்டிவிட்டு, மண்சரிவு வந்தால் ஒன்றாவது மிஞ்சும் என்று நினைப்பதைப் போன்றது. தேடலில் முன்னுக்கு வருவதற்காகவே செயற்கையாக இணைப்புகளைக் கட்டிய தளங்களைக் கூகுள் 2012 ஏப்ரலில் வந்த ‘பென்குயின்’ என்ற தேடல் முறை மாற்றத்தின் மூலம் பின்தள்ளத் தொடங்கியது. 2014 செப்டெம்பரில், ஒருவரே தமக்குள் இணைப்புக் கொடுத்துக்கொள்வதற்காக நடத்திய வலைப்பதிவுத் தொகுப்புகள் பல தேடலிலிருந்தே நீக்கப்பட்டன. 2023 செப்டெம்பர் மாற்றத்தில் சிறு மதிப்பீட்டுத் தளங்கள் ஏராளமாக வாசகர்களை இழந்தன. 2024 மார்ச்சில் வெளியான விதிகளோ உங்கள் திட்டத்தைப் பார்த்து எழுதியவை போலவே இருக்கின்றன: தேடலை ஏமாற்றும் நோக்கில் கட்டுரைகளைத் திரளாக உற்பத்தி செய்வதும், காலாவதியான டொமைன்களை (தளங்களின் இணைய முகவரிகளை) அவற்றின் பழைய மதிப்புக்காக வாங்கி நிரப்புவதும் மீறல்களாகப் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டன. கருவியைக் கொண்டு எழுதுவது தடை செய்யப்படவில்லை. வாசிப்பவருக்குப் பயனில்லாததைத் திரளாகக் கொட்டுவதுதான் குற்றம்.

தரகின் பக்கத்தையும் பாருங்கள். 2020 ஏப்ரலில் அமேசன், தளபாடங்களுக்கும் வீட்டுத் திருத்தப் பொருள்களுக்கும் கொடுத்த 8 சதவீதத்தை 3 ஆகவும், மளிகைப் பொருள்களுக்கான 5 சதவீதத்தை 1 ஆகவும் குறைத்தது. 3 சதவீதம் என்றால், உங்கள் இணைப்பின் வழியே 1,000 டொலருக்கு வியாபாரம் நடந்தால்தான் 30 டொலர் கிடைக்கும். அதிலும், இணைப்பை அழுத்தியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் சேர்க்காவிட்டால் பொதுவாக உங்களுக்கு ஒன்றும் இல்லை. புதிய கணக்கில் 180 நாள்களுக்குள் தகுதியான மூன்று விற்பனைகள் நடக்காவிட்டால் கணக்கே மூடப்படும். செலவோ பத்து மடங்கு: டொமைன்களின் ஆண்டுக் கட்டணம் டொலரில் போகும். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டதை நாம் பார்த்திருக்கிறோம்.

விற்பவரிடம் வருமானத்தைக் காட்டும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷொட்) கேட்க வேண்டாம். அதை எவரும் செய்து தரலாம். ஒரு தளத்துக்குத் தேடலிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சேர்ச் கொன்சோலில் பார்வையிடும் அனுமதியைக் கேளுங்கள். ஒவ்வொரு டொமைனும் முன்பு என்னவாக இருந்தது என்பதை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் நீங்களே பாருங்கள். இவ்வளவு நன்றாக உழைக்கும் பத்துத் தளங்களை அவர் ஏன் விற்கிறார் என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஊவாச் சாரல்:
பதுளைவாசி அண்ணா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தம்பியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. நாய் உணவைப் பற்றி அமெரிக்காவின் ஒஹாயோவில் இருப்பவரைவிட உங்களுக்கு என்ன கூடுதலாகத் தெரியும்? நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறுவதைப் பற்றியோ நிறையத் தெரியும். யாத்திரைக் காலம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீடிக்கிறது. அதற்கு வெளியே படிக்கட்டில் விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும் என்று நம்பி வருகிற வெளிநாட்டவரை நான் வருடந்தோறும் பார்க்கிறேன். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் பீக்கோ நடைபாதை, கண்டி–எல்ல ரயிலில் எந்தப் பக்கம் அமர்வது, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எந்த வழியாக இறங்கினால் சேறு குறைவு என்பவையெல்லாம் அங்கே நடந்தவர் மட்டுமே உருப்படியாக எழுதக்கூடியவை. (அந்தப் பாலத்தின் இரவல் படத்தைப் போட்டு, போகாத இடத்தைப் புகழும் தளங்கள் ஏற்கெனவே போதிய அளவு உள்ளன.)

இப்படி ஒரே தளம் போதும். காலணி, மழையங்கி, தலைவிளக்கு ஆகியவற்றுக்கு அங்கேயே இடம் உண்டு. தங்குமிடங்களுக்கும் சுற்றுலாக்களுக்கும் புக்கிங் டொட் கொம், கெட் யுவர் கைட் போன்றவற்றின் தரகுத் திட்டங்கள் உள்ளன. பயணி முன்பதிவை இரத்துச் செய்தால் தரகும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். அத்துடன் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், 2020 பெருந்தொற்று, 2022 எரிபொருள் வரிசைகள் ஆகியவற்றின்போது பயணிகள் வரவே குறைந்தது. ஆகவே கடை வேலையை விட வேண்டாம்.

கொட்டகலை இளையவன்:
இருவருக்கும் மிக்க நன்றி. தொகுதியை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும்: தமிழில் எழுதினால் வருமானம் வருமா? வரும் டொலர் எப்படிக் கைக்கு வந்து சேரும்?

கண்டிக் கணக்காளர்:
தமிழ்ப் பக்கங்களில் கூகுளின் அட்சென்ஸ் விளம்பரங்களை 2018இலிருந்து இடலாம். இணையக் கடையான தராஸிலும் இணைப்புத் தரகு உண்டு. எனினும் அமேசனுக்கு இலங்கைக்கான கடை இல்லாததால், தமிழில் வாசிக்கும் நம் ஊரார் அங்கே வாங்குவது அரிது. ஆகவே தரகுக்கான தளத்தை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.

இலங்கையிலுள்ள பேபால் கணக்கால் பணம் அனுப்பலாம், பெற முடியாது. எனவே பெரும்பாலானோர் பேயோனியர் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் பெற்று உள்ளூர் வங்கிக்கு மாற்றுகின்றனர். அமெரிக்காவின் வரிப் படிவமான டபிள்யூ-8 பென்னை நிரப்ப வேண்டும். அமேசனின் தரகு, மாத முடிவிலிருந்து ஏறக்குறைய 60 நாள்களின் பின்னரே வரும். வெளிநாட்டு நாணயத்தில் கிடைக்கும் சேவை வருமானமும் 2025 ஏப்ரல் முதல் வரிக்கு உட்பட்டது. உச்ச வீதம் 15 சதவீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் உண்டு. கடைச் சம்பளமும் இதனுடன் சேர்த்தே கணக்கிடப்படும் என்பதால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் இலக்கத்தை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இணைப்புகளால் உங்களுக்குத் தரகு கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் தெளிவாக எழுதுங்கள். அமேசனின் ஒப்பந்தமும் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவின் விதிகளும் அந்த வெளிப்படுத்தலைக் கேட்கின்றன.