ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட்டோட அக்லீஸ் நாவல படிச்சிட்டு கண்ணாடி முன்னாடி போய் நின்னவங்க யாராவது இருக்கீங்களா?

இடதுகன்னம்

படிச்சவங்களுக்குத்தான் இது, அதனால கதைச் சுருக்கமெல்லாம் சொல்லல. பதினாறு வயசுல அக்லீஸ (அசிங்கமானவங்க) ப்ரெட்டிங்களா (அழகானவங்க) மாத்துற ஆபரேஷன், ஆத்துக்கு அந்தப் பக்கம் ப்ரெட்டிங்க ஊரு, கதாநாயகி டாலி, ஆபரேஷனே வேணாம்ங்கற அவ ஃப்ரெண்டு ஷே எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு இன்னைக்கு வரைக்கும் உறுத்துறது ஒரே ஒரு சீன்தான். ரெண்டு பேரும் ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்து ஆபரேஷனுக்கு அப்புறம் முகம் எப்படி இருக்கும்னு டிசைன் பண்ணுவாங்கல்ல, மார்ஃபோ. முகத்த நடுவுல வெட்டி ஒரு பாதியையே திருப்பி ஒட்டினா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், அதுல எந்தப் பாதி உனக்குப் பிடிச்சிருக்குன்னு தேர்ந்தெடுக்கணும். ஷேக்கு அது சுத்தமா பிடிக்காது.

நான் ஷே கட்சி. அந்த வயசுல பயங்கர ஷே கட்சி, புத்தகத்துல அவ பேசுற இடமெல்லாம் பென்சில் கோடு போட்டிருந்தேன். அப்படிப்பட்ட நான் அந்த அத்தியாயத்த முடிச்ச கையோட கதவ சாத்திட்டு போன்ல ஒரு போட்டோ எடுத்து, சரியா மூக்கு நடுவுல கட் பண்ணி, இடது பாதிய திருப்பி ஒட்டிப் பார்த்தேன். அப்புறம் வலது பாதி. வலது-வலது ஒரு மாதிரி ஒடுங்கிப்போய் யாரையோ முறைக்கிற மூஞ்சி. இடது-இடது நல்லா இருந்துச்சுங்க. உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. கன்னம் ரெண்டும் ஒரே அளவு, புருவம் ரெண்டும் ஒரே உயரம். கொஞ்ச நேரம் இல்ல, ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன். அதுக்கப்புறம் எந்த போட்டோவா இருந்தாலும் தலைய லேசா திருப்பி இடது பக்கம் காட்டித்தான் நிப்பேன், யாருக்கும் காரணம் தெரியாது.

மூணு போன் மாத்தியாச்சு. அந்தப் படம் மட்டும் பின்னாடியே வருது, அழிக்கவும் மனசு வரல. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?

நூல்கடி

நடந்திருக்கு, ஆனா எனக்கு நிஜமாவே ஆபரேஷன்.

எனக்கு சின்ன வயசுல இருந்தே முன்பல்லு மேலயும் கீழயும் ஒன்னோட ஒன்னு சேராது, நடுவுல இடைவெளி. நூலக் கூட பல்லால கடிச்சு அறுக்க முடியாது, எல்லாரும் சட்டுனு கடிச்சுத் துப்புறதப் பார்த்தா எனக்கு அது ஏதோ சர்க்கஸ் மாதிரி இருக்கும். 19 வயசுல தாடைய அறுத்து சரி பண்ணலாம்னு முடிவாச்சு. அட்மிட் ஆன அன்னைக்கு ஆஸ்பத்திரியில படிக்க அக்கா எடுத்துட்டு வந்த புத்தகம் எது தெரியுமா, இதேதான். அவளுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, அட்டை நல்லா இருந்துச்சாம். எலும்பத் தேய்ச்சு வேற வடிவத்துக்குக் கொண்டு வருவாங்க, மூஞ்சித் தோல உரிச்சு புதுசு போடுவாங்க, கன்னத்துல பிளாஸ்டிக் எலும்பு வைப்பாங்கன்னு வர்ற பக்கத்த ஆபரேஷனுக்கு முந்துன ராத்திரி படிச்சவன் உலகத்துலயே நான் ஒருத்தனாதான் இருப்பேன்.

ஆனா உறுத்துறது அது இல்ல. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, டாக்டர் கம்ப்யூட்டர்ல என் பக்கவாட்டு போட்டோவ போட்டு தாடை எப்படி மாறும்னு காட்டுனாரு. காட்டிட்டு, எப்படியும் மயக்கம் குடுக்கத்தான் போறோம், மோவாயையும் ஒரு நாலு மில்லிமீட்டர் முன்னாடி கொண்டு வந்துடலாமேன்னு சொல்லிட்டே மவுஸப் பிடிச்சு இழுத்தாரு. ஸ்க்ரீன்ல என் மோவா நகர்ந்துச்சு. "பிடிச்சிருக்கா?"ன்னாரு. நான் தலையாட்டினேன்.

பக்கம்மடிச்சவன்

ரெண்டு பேரும் தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ரெண்டு பேரும் சொல்றதுல இருந்தே தெரியுது இந்த நாவல் எங்க ஏமாத்துதுன்னு.

எனக்கு நடந்தது சின்னதுதான். காட்டுல ஒளிஞ்சு வாழுற டேவிடோட அம்மா அப்பா, மேடியும் ஆஸும், ப்ரெட்டிங்களோட மூளையில சின்னச் சின்ன காயம் இருக்குன்னு கண்டுபிடிச்சதச் சொல்ற இடத்துல நான் புத்தகத்த மூடி வச்சுட்டேன். எல்லாரும் அந்த இடத்துல ஆடிப்போனதா சொல்வாங்க, எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. அதுவரைக்கும் கதை ரொம்பக் கஷ்டமான ஒரு கேள்விய கையில வச்சிருந்துச்சு. எல்லாரையும் அழகாக்கிட்டா நிறத்த வச்சு சண்டை இல்ல, மூஞ்சியப் பார்த்து வேலை குடுக்குறது இல்ல, பட்டினி கிடந்து ஒல்லியாகிறது இல்ல, அப்போ ஆபரேஷன்ல என்னதான்யா தப்பு? இதுக்கு பதில் சொல்றதுக்கு பதிலா ஆசிரியர் நைசா மூளைக்குள்ள ஒரு காயத்த வச்சுட்டாரு. டாக்டர், தீயணைப்பு மாதிரி சட்டுனு முடிவெடுக்க வேண்டிய வேலையில இருக்கறவங்களுக்கு மட்டும் அந்தக் காயம் இல்லையாம். சரி, அப்போ ஆபரேஷன் தப்பில்ல, காயம்தான் தப்பு, காயம் இல்லாம பண்ணுங்கன்னு ஒருத்தன் சொன்னா நாவல்கிட்ட பதில் இருக்கா?

இதே விஷயத்த 1964லயே தி ட்வைலைட் ஸோன்ங்கற டிவி தொடர் பண்ணிடுச்சு, நம்பர் 12 லுக்ஸ் ஜஸ்ட் லைக் யூன்னு ஒரு எபிசோட். அங்க வயசு 19, மாடல் நம்பர் பார்த்து முகத்தையும் உடம்பையும் தேர்ந்தெடுக்கணும், வேணாம்னு சொல்ற ஒரே பொண்ணு கடைசியில மாறிட்டு கண்ணாடியப் பார்த்து சந்தோஷப்படுவா. அந்த சந்தோஷம்தான் பயம். அப்புறம் டெட் சியாங் 2002ல எழுதின லைக்கிங் வாட் யூ ஸீ. முகம் தெளிவா தெரியும், ஆனா அது அழகா இல்லையான்னு மட்டும் மனசுல பதியாது, அப்படி ஒரு சின்ன மூளை மாற்றம், ஒரு காலேஜ்ல இத எல்லாருக்கும் கட்டாயமாக்கலாமான்னு ஓட்டெடுப்பு, அவ்ளோதான் கதை. வில்லனே கிடையாது, ஒவ்வொருத்தர் பேசும்போதும் அவங்க சொல்றதுதான் சரின்னு தோணும். வெஸ்டர்ஃபெல்ட் அந்தக் கதையப் பத்தி சியாங்கோட ஈமெயில்ல பேசிக்கிட்டதுதான் தன் நாவலுக்கு உருவம் குடுத்துச்சுன்னு புத்தகத்துலயே நன்றி போட்டிருக்காரு. இவ்ளோ கிட்டப் போய் பேசிட்டு எப்படிங்க மூளைக் காயத்துல போய் விழுந்தாரு?

இடதுகன்னம், உங்க படம் நல்லா இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்களே, உங்க மூளையில காயம் இல்லையே. அதுதான் நான் கேக்குறது.

அத்தைமட்டும்

நீங்க என்ன வேணா சண்டை போட்டுக்கோங்க, என் கதைய சொல்லிட்டுப் போயிடறேன், ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லல.

என் அண்ணன் பொண்ணுக்கு 13வது பிறந்தநாள். எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகமாச்சேன்னு கலர் பேப்பர் சுத்திக் குடுத்தேன். சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க. அவளுக்கு அப்போ நெத்தியெல்லாம் பரு, பல்லுல கம்பி, போட்டோன்னாலே பாத்ரூமுக்குள்ள ஓடிடுவா. பேப்பரப் பிரிச்சா. அட்டையில பெருசா எழுத்து, அக்லீஸ்.

அவ ஒன்னும் சொல்லல. பிரிச்ச பேப்பரையே திரும்ப இழுத்து மூடினா. செல்லோ டேப்ப கட்டைவிரலால அழுத்தி அழுத்தி ஒட்டினா, அது ஒட்டல, தூக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "அத்த, இது எனக்கா?"ன்னு கேட்டா. பக்கத்துல இருந்த பையன் ஒருத்தன் சிரிச்சான். நான் கதையோட பேருடா கண்ணு, ரொம்ப நல்ல கதை, நீ படிச்சுப் பாரேன்னு என்னென்னமோ உளறினேன். பேசப் பேச இன்னும் கெட்டுச்சு. எனக்கு அந்தத் தலைப்பு தலைப்பாவே தெரியலங்க, பத்து தடவ படிச்சதுல அது வெறும் பேராகிடுச்சு, அது ஒரு வார்த்தைங்கறதே மறந்துபோச்சு.

நாலு வருஷம் கழிச்சு அவ ரூமுக்குப் போனப்போ அலமாரியப் பார்த்தேன். ரெண்டாவது பாகம் இருக்கு, மூணாவது இருக்கு. முதல் பாகம் இல்ல. அவளே வாங்கியிருக்கா போல, நான் கேக்கல.

பொறுப்புள்ளஅப்பா

அத்தைமட்டும், உங்க கஷ்டம் புரியுது. எனக்கு இப்படி நேரடி அனுபவம் எதுவும் இல்ல, பையன் படிக்கிறப்போ நானும் கூடவே படிச்சேன், அவனுக்கு அதுல வர்ற பறக்குற பலகை, ஹோவர்போர்டு, மட்டும்தான் பிடிச்சுது. ஆனா அடுத்த தடவை யாருக்காவது குடுக்குறவங்களுக்காக சில விஷயம் சொல்லிடறேன்.

முதல்ல, எல்லார் முன்னாடியும் பிரிக்கிற மாதிரி குடுக்கவே கூடாது. தனியா குடுங்க, குடுக்குறதுக்கு முன்னாடி தலைப்பப் பத்தி நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அந்தக் கதையில 12 வயசுல இருந்து 16 வயசுல ஆபரேஷன் ஆகுற வரைக்கும் அத்தனை பேரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, அது ஒரு வயசுப் பேரு மாதிரின்னு. 12 வயசு ஆனதும் பிள்ளைங்கள அம்மா அப்பாகிட்ட இருந்து பிரிச்சு ஹாஸ்டல்ல கொண்டு போய் விடுவாங்கல்ல, அந்த இடத்துல இருந்து பேச்ச ஆரம்பிச்சா அழகு கிழகு விஷயத்துக்கே போக வேண்டாம். அடுத்தது வரிசை. முதல் ரெண்டும் 2005, ஸ்பெஷல்ஸ் 2006, எக்ஸ்ட்ராஸ் 2007. நாலாவதுல ஆளே வேற, அங்க யார் எவ்ளோ பிரபலம்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரேங்க் ஓடிட்டே இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அதையே முதல்ல குடுக்கலாம்ங்கறது என் கருத்து, உடனே புரிஞ்சுக்குவாங்க. லூயிஸ் ஓ'நீல் எழுதின ஒன்லி எவர் யுவர்ஸ் (2014) மாத்திரம் சின்னப் பிள்ளைங்க கையில குடுத்துடாதீங்க, அது ரொம்ப இருட்டு, சாப்பாட்டு விஷயத்துல கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கு நிச்சயமா வேண்டாம். அப்புறம் டோனியல் க்ளேட்டனோட தி பெல்ஸ் (2018) இருக்கு, அங்க எல்லாரும் சாம்பல் நிறத்துல பிறப்பாங்க, அழகுங்கறதே காசு குடுத்து வாங்குறதுதான், அதுவும் பெரிய பிள்ளைங்களுக்கு. படிச்சு முடிச்சதும் உக்கார வச்சு கேள்வி கேக்காதீங்க. அவங்களா பேசுனா பேசுங்க. இன்னொன்னு, நீங்க அலமாரியப் பார்த்தத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறது நல்லது, மனசுல வச்சுக்கிறது ரெண்டு பேருக்கும்

அத்தைமட்டும்

பாதியில நின்னுடுச்சு உங்களுது. பரவால்ல, நான் அட்வைஸ் கேக்கலீங்க.

திரைவிமர்சகன்7

2024ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த படத்தப் பத்தி யாருமே பேசலையே. நடிகை ஜோயி கிங்க நிக்க வச்சு இவதான் அசிங்கம்னு நம்பச் சொன்னாங்க. நம்பிட்டு உக்காந்து பார்த்தேன். பாதியில தம்பி எழுந்து போய்ட்டான். அவ்ளோதான் என் அனுபவம்.

குரல்கொடுப்பவள்

நான் கொஞ்சம் வேற மாதிரி படிச்சேன். அம்மாவுக்கு கண்ணுல ஆபரேஷன் ஆகி ஓய்வா இருந்த சமயம், பொழுது போகலன்னாங்க, அப்போ என் கையில இருந்தது இது. ஒவ்வொரு பக்கமா இங்கிலீஷ்ல பார்த்து வாயால தமிழ்ல சொல்லிட்டே வந்தேன்.

முதல் நாளே மாட்டிக்கிட்டேன். அக்லி, ப்ரெட்டி, அந்த ரெண்டு வார்த்தைக்கும் தமிழ் என்ன? அழகிங்கன்னா வேற யாரோ மாதிரி இருக்கு. அசிங்கம்னா சாக்கடையச் சொல்ற மாதிரி. கடைசியில லட்சணமானவங்க, லட்சணம் இல்லாதவங்கன்னு வச்சுக்கிட்டேன். அம்மா உடனே, "ஆபரேஷன்ல லட்சணம் வந்துடும், சரி. களை எப்படி வரும்?"னாங்க. நான் போய் வெஸ்டர்ஃபெல்ட்டயா கேக்க முடியும்.

மேல சொன்ன ஒன்லி எவர் யுவர்ஸ இப்படிச் சொல்லவே முடியாது, தெரியுமா. அதுல வர்ற பொண்ணுங்க பேரு மட்டும் சின்ன எழுத்துல ஆரம்பிக்கும், ஃப்ரீடா, இசபெல் எல்லாமே. நம்ம எழுத்துல பெருசு ஏது சிறுசு ஏது, எல்லாரும் ஒரே உயரம். அந்தக் கதையில ஆசிரியர் ஒரு எழுத்துல காட்டுன அவமானத்த தமிழ்ல கொண்டு வர்றவங்க வேற ஏதாவதுதான் யோசிக்கணும்.

சரி, நான் சொல்ல வந்தது. டாலி ஆத்தத் தாண்டி பழைய ஃப்ரெண்டு பெரிஸப் பார்க்க திருட்டுத்தனமா போவால்ல, அவன் மாறியிருப்பான், ரெண்டு பேரும் உள்ளங்கையக் கீறி ஒரே மாதிரி தழும்பு போட்டுக்கிட்டாங்களே, அவன் கையில அது காணாம போயிருக்கும். அந்த இடத்தச் சொன்னதும் அம்மா நிறுத்தச் சொன்னாங்க. கண்ணுல கட்டு, ஒரு கையால என் முகத்தத் தேடித் தொட்டாங்க. புருவத்துக்கு மேல எனக்கு ஒரு தழும்பு உண்டு, ரெண்டு வயசுல கட்டில் முனையில மோதினது. விரல் நேரா அங்க போய் நின்னுச்சு. "அப்போ அந்தப் பிள்ளைய அவங்கம்மா எத வச்சு கண்டுபிடிப்பா?"ன்னு கேட்டாங்க.

கதையில அதுக்கு பதில் இல்ல. டாலியோட அம்மா அப்பா வர்ற இடம் ரொம்பக் கம்மி, வந்தாலும் சிரிச்ச முகமா ஆபரேஷன் ஆகட்டும் எல்லாம் சரியாகிடும்னுதான் சொல்வாங்க. நான் ஏதோ சொல்லி சமாளிச்சு அடுத்த பக்கத்துக்குப் போனேன். பக்கம்மடிச்சவன், நீங்க சொல்ற ஏமாத்து வேலை எனக்கும் புரியுது, ஆனா அம்மா கேட்டதுக்கும் மூளைக் காயத்துக்கும் சம்பந்தம் இல்லையே. காயமே இல்லாம பண்ணாலும் அந்தக் கேள்வி நிக்கும்.

பக்கம்மடிச்சவன்

அது நிக்கும். ஒத்துக்கிறேன். ஆனா அது நாவல் கேட்டது இல்ல, உங்கம்மா கேட்டது. :)

நூல்கடி, தனிப்பட்ட கேள்விதான், பிடிக்கலன்னா விட்டுடுங்க. இப்ப வருத்தமா உங்களுக்கு?

இடதுகன்னம்

நூல்கடி பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒன்னு சொல்லிடறேன். இத எழுதிட்டு அந்தப் படத்த எடுத்துப் பார்த்தேன், எங்க வெட்டினேன்னு கோடு தெரியுது. மூக்குத் தண்டுல லேசா ஒரு பிசிறு. அப்போ எப்படி என் கண்ணுல படலன்னு தெரியல. அத்தைமட்டும், உங்க மருமகளுக்கு என் பென்சில் கோடு போட்ட முதல் பாகம் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க. அட்டை கிழிஞ்சு போச்சு, அதனால தலைப்பு இல்ல.

நூல்கடி

வருத்தமெல்லாம் இல்ல ப்ரோ. தையல் பிரிச்சு, வீக்கம் வத்தி, டாக்டர் சரின்னு சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து முதல் வேலையா அம்மாவோட தையல் பெட்டியத் திறந்து ஒரு நூல எடுத்துக் கடிச்சேன். சட்டுனு அறுந்துச்சு. அக்கா முன்னாடி ஒரு கண்டு நூலையே கடிச்சுத் தள்ளிட்டேன், அவ தலையில அடிச்சுக்கிட்டா.

ஆனா அந்த நாலு மில்லிமீட்டர் நூலுக்காக இல்ல. அது பல்லுக்கும் இல்ல, கடிக்கவும் இல்ல, டாக்டரும் அப்படிச் சொல்லல. பிடிச்சிருக்கான்னுதான் கேட்டாரு.

ஷேவ் பண்றப்போ கை இன்னும் பழைய இடத்துலதான் போய் நிக்குது.