மறு: பேஸ்போர்டுக்குத் தமிழில் என்ன? பலகை வேண்டாம், மணை போதும்

குழுவினருக்கு வணக்கம்.

மாதிரி ரயிலின் தடத்தைத் தாங்குகிற பேஸ்போர்டுக்குத் தமிழ்ச் சொல் தேடி நான்கு நாளாக ஓடும் இழை இது, நான் தாமதமாக வருகிறேன். இதுவரை அடிப்பலகை, தாங்குபலகை, சட்டப்பலகை, பீடம், மாதிரிமேடை என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தில் மூன்றில் பலகை இருக்கிறது. அந்தப் பலகையோடுதான் எனக்குத் தகராறு. அடிப்பலகையை முன்மொழிந்தவர் இப்படி எழுதியிருந்தார்:

> பேஸ் என்றால் அடி, போர்டு என்றால் பலகை. அடிப்பலகை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. கீபோர்டு விசைப்பலகை ஆனது, மதர்போர்டு தாய்ப்பலகை ஆனது, அந்தப் பழக்கத்தில் போர்டு என்று பார்த்ததும் நம் கை தானாகப் பலகை என்று தட்டிவிடுகிறது. அவை தட்டையான ஒற்றைப் பொருள்கள், அங்கே பொருந்தும். வீட்டில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் (பொம்மை ரயில் என்றால் எங்களில் சிலருக்குக் கோபம் வரும், எனக்கு வராது) பேஸ்போர்டு என்று சொல்வது வெறும் பலகையை அல்ல. சுற்றிலும் ஒரு சட்டம், சட்டத்துக்குள் அடிக்கு ஒன்றாகக் குறுக்குக்கட்டைகள், அதற்கு மேல் ஒரு பிளைவுட், பல நேரம் மடக்குகிற கால்கள், இந்த மொத்தத்துக்கும் பெயர்தான் பேஸ்போர்டு. அதுவும் பிரிட்டன்காரர்கள் வழக்கு. அமெரிக்கர்கள் இதையே பெஞ்ச்வர்க் என்பார்கள். அவர்கள் ஊரில் பேஸ்போர்டு என்றால் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒட்டும் பட்டை, நம் கொத்தனார் ஸ்கர்ட்டிங் என்கிறாரே அது. ஆக ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு தமிழ் ஒட்டினால், நாளைக்கு அகராதியில் தேடுகிறவர் சுவர்ப்பட்டையில் போய் நிற்பார்.

பலகை என்ற சொல் ஆளை ஏமாற்றும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இரண்டு அறை அடுக்குமாடி வீடு, இடம் குறைவு, அதனால் N கேஜ் என்கிற சின்ன அளவு. தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர்தான். ஜப்பானிய காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தடங்கள், ஜல்லி வடிவம் அடியிலேயே ஒட்டி வருபவை. பேஸ்போர்டு வேண்டும் என்று படித்தேன், போர்டுதானே என்று கடைக்குப் போய் 6 மி.மீ. கமர்ஷியல் பிளைவுட்டில் 4 அடிக்கு 2 அடி வெட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். முதல் அடி அங்கேயே. என்னிடம் இருந்த வளைவுத் தடத்தின் ஆரம் 315 மி.மீ., அப்படியானால் வட்டத்தின் குறுக்களவே 630, இரண்டு அடி என்பது 610. வளைவு பலகைக்கு வெளியே நின்றது. திரும்பப் போய் இரண்டரை அடி அகலத்தில் வாங்கினேன். (புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் வளைவை அளந்து, இரண்டு பக்கமும் கை அகலமாவது விட்டு, அப்புறம் மரத்தை வெட்டுங்கள்.)

அந்தப் பலகையைச் சட்டம் எதுவும் இல்லாமல் இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து, மேல்பக்கம் மட்டும் பச்சைப் பெயின்ட் அடித்து, தடம் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் காலையில் ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவைத்த கூட்ஸ் வேகன் ஒன்று நடுவில் நின்றது. வீட்டில் யாரோ தொட்டிருப்பார்கள் என்று நினைத்துத் திரும்ப ஓரத்தில் கொண்டுபோய் வைத்தேன், கையை எடுத்ததும் அது மெதுவாக, யாரும் தள்ளாமல், தானாகவே நடுவை நோக்கி உருள ஆரம்பித்தது. மரஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் எட்டு மில்லிமீட்டர் பள்ளம். எஞ்சின் பள்ளத்திலிருந்து ஏறும்போது கடைசிப் பெட்டி கொக்கி விட்டுக் கழன்றுகொண்டது. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் அடிக்காத பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும், பெயின்ட் அடித்த பக்கம் அப்படியே இருக்கும், பலகை வளைந்துதானே தீரும். அடியில் பிடிமானமும் இல்லை. பாரமும் ஈரமும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன.

எங்கள் தெருவில் கதவு வேலைக்கு வந்திருந்த ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். அவர் தடத்தைப் பார்க்கவே இல்லை, குனிந்து பலகையின் அடியைப் பார்த்தார். "கீழ ரெண்டு ரீப்பர் குறுக்க அடிச்சிருந்தா மணை மாதிரி கிண்ணுனு நின்னிருக்குமே சார்" என்றார். (ரீப்பர் என்றால் ஒல்லியான நீள மரக்கட்டை.) அவ்வளவுதான். அவருக்கு மாதிரி ரயிலும் தெரியாது, கலைச்சொல்லாக்கமும் தெரியாது.

மணையைப் புரட்டிப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள்? எங்கள் பாட்டி வீட்டு மணையின் அடியில், மர இழையின் போக்குக்குக் குறுக்காக, இரண்டு முனையிலும் விரல்கடை உயரத்தில் இரண்டு கட்டைகள் அடித்திருக்கும். தரையில் படாமல் தூக்கிப்பிடிப்பதும் அதுதான், பலகையைக் கோணவிடாமல் இறுக்கிப்பிடிப்பதும் அதுதான். ஈரத் தரையில் வருஷக்கணக்காகக் கிடந்தும் அது வளையவில்லை. பேஸ்போர்டின் குறுக்குக்கட்டை செய்வதும் இதே வேலை.

ஆகவே என் முன்மொழிவு: தடமணை. தடத்தைத் தாங்கும் மணை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் மணை என்று மட்டும் சொன்னாலே போதும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பீடம் என்றால் எனக்குச் சாமி ஞாபகம் வருகிறது. மேடை பெரிது, அதோடு ஸ்டேஷனில் நடைமேடை என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதையும் மாதிரியாகச் செய்து இதே பிளைவுட்டின் மேல்தான் ஒட்டப்போகிறோம், மேடை மேல் மேடை என்று குழம்பும். சட்டப்பலகை நல்ல முயற்சி, உள்ளே இருக்கும் சட்டத்தை அது மறக்கவில்லை, ஆனால் வக்கீல் வீட்டு வாசலில் மாட்டியிருப்பது போலக் கேட்கிறது, மன்னிக்கவும்.

அன்புடன்

* * *

வணக்கம்.

நீங்கள் சொன்ன மணை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மூன்று சந்தேகம்.

ஒன்று, எழுத்து. அரிவாள்மணை என்பதையே பாதிப்பேர் அரிவாள்மனை என்று எழுதுகிறார்கள். தடமணை நாளைக்குத் தடமனை ஆகும், தேடினால் வீட்டுமனை விற்பனைக்கு என்று வந்து நிற்கும்.

இரண்டு, மணை என்றால் உட்காருகிற பொருள். கல்யாணத்தில் மணையில் உட்கார வைப்பதைத் தவிர என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது.

மூன்றாவதுதான் முக்கியம். என் கணவர் கல்லாரிலிருந்து மலையேறும் நீலகிரி ரயில் பாதையைச் செய்ய ஆசைப்பட்டு, மூன்று வருஷமாக எங்கள் மொட்டைமாடி அறையை ஆக்கிரமித்திருக்கிறார். அவர் செய்வதில் மேலே பிளைவுட்டே கிடையாது. வெறும் சட்டம், அதிலிருந்து வெவ்வேறு உயரத்தில் கட்டைகள் எழும்பி நிற்கும், அவற்றின் மேல் தடம் போகிற அகலத்துக்கு மட்டும் ஒரு பட்டை. நடுவில் எல்லாம் ஓட்டை, பள்ளத்தாக்குக்காக. இதையும் பேஸ்போர்டு என்றுதான் சொல்கிறார். பலகை கூடாது என்று வாதாடிவிட்டு மேலே பலகை வைத்த மணையைக் கொண்டுவந்தால் எப்படி?

* * *

தடமணையை முன்மொழிந்த நான்தான் மறுபடி. உங்கள் மூன்றாவது கேள்வியால் நேற்று இரவு பாதித் தூக்கம் போச்சு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கணவர் செய்வதுதான் சரியான முறை, அந்தப் பாதைக்கு வேறு வழியும் இல்லை. நிஜத்தில் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தடம், மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் சுமார் 12க்கு 1. அதை அப்படியே மாதிரியில் கொண்டுவந்தால் ஒரு மீட்டர் தடத்துக்குள் 80 மி.மீ.க்குக் குறையாமல் ஏற வேண்டும். தட்டையான பிளைவுட்டில் அதைச் செய்தால் மலைமேல் ரயில் போகிற மாதிரி இருக்காது, மேசைமேல் சரிவு வைத்த மாதிரி இருக்கும். பள்ளத்தாக்கு தடத்துக்குக் கீழே இறங்க வேண்டும், அதற்குத் திறந்த சட்டம்தான். (மீட்டர் கேஜ் ஆயிற்றே, 1:87 அளவில் செய்கிறார் என்றால் 12 மி.மீ. தடம் கிட்டத்தட்டச் சரியாக வரும். அகலப்பாதையைச் செய்கிற எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதே அளவில் அகலப்பாதையின் 1676 மி.மீ. என்பது 19க்கு மேல் வரும், கடையில் கிடைப்பதோ 16.5.)

இனி சொல். அரிவாள்மணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் யாரும் மணைபோட்டு உட்காருவதில்லை. ஒரு காலை மடக்கி அதன்மேல் வைத்து அழுத்திக்கொள்வோம், அவ்வளவுதான். அங்கே மணையின் வேலை அரிவாளை ஆடாமல் தாங்குவது. தேங்காய் துருவுகிற மணையில் உட்காருவதுண்டு, ஆனால் அங்கேயும் அதன் வேலை துருவியைத் தாங்குவதுதான். முன்னால் வருகிற சொல் வேலை செய்கிற பொருள், மணை அதைத் தாங்குவது. இரும்பில் செய்த அரிவாள்மணைகள் வந்து எவ்வளவு காலமாயிற்று, சிலவற்றின் அடிப்பாகத்தில் மரப்பலகையே இல்லை, ஆனாலும் பெயர் மாறவில்லையே. தடமணையில் தடம் வேலை செய்கிற பொருள். மேலே பிளைவுட் முழுதாக இருந்தாலும் உங்கள் வீட்டில் போலத் திறந்து கிடந்தாலும் அது மணைதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மூடுமணை, திறமணை என்று சொல்லிப்பார்த்தேன். திறமணை கொஞ்சம் பல்லில் சிக்குகிறது. திறந்த மணை என்றே விட்டுவிடலாம்.

இரண்டாவது சந்தேகம், பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது. அடிப்பலகை மட்டும் தெரியுமா? அதைக் கேட்டதும் ஏதோ புரிந்த மாதிரி இருக்கும், என்னைப் போலக் கடைக்குப் போய் ஒற்றைப் பலகையை வாங்கி வருவார்கள். மணை தெரியாவிட்டால் என்ன அது என்றாவது கேட்பார்கள், ஒரு பழைய மணையைப் புரட்டிக் காட்டினால் ஆயுசுக்கும் குறுக்குக்கட்டையை மறக்க மாட்டார்கள்.

முதல் சந்தேகத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ணகர னகரக் குழப்பம் வரத்தான் செய்யும். இணைய அகராதியான விக்சனரியில் தடமனை என்று தேடினாலும் இந்தப் பக்கத்துக்கு வருகிற மாதிரி ஒரு வழிமாற்று போடலாம் என்றால் அது தவறான எழுத்துக்கு ஒப்புதல் கொடுத்த மாதிரி ஆகுமோ என்றும் இருக்கிறது. விக்சனரியில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

உள்ளுறுப்புகளுக்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆசாரிகள் பேசுகிற சொற்களே இருக்கின்றன: சட்டம், குறுக்குக்கட்டை, மேலே போடுவது மேற்பலகை, இங்கே பலகை தாராளமாக வரலாம், அது நிஜமாகவே பலகை. ரீப்பரை ரீப்பர் என்றே சொல்லலாம், மரக்கடையில் வேறு எப்படிக் கேட்டாலும் அவருக்குப் புரியாது. ஜல்லிக்கு ஜல்லி.

ஒரே ஒரு சொல்தான் எனக்கு நிஜமாகவே வேண்டும். என் புது மணையை இரண்டு துண்டாகச் செய்திருக்கிறேன், லிஃப்டில் நுழைய வேண்டுமே. ஒவ்வொன்றும் 4 அடிக்கு இரண்டரை அடி, 12 மி.மீ. பிளைவுட்டையே மூன்று அங்குலப் பட்டைகளாக அறுத்துச் சட்டம், இந்த முறை இரண்டு பக்கமும் வார்னிஷ். ஒயர் போகக் குறுக்குக்கட்டைகளில் முன்கூட்டியே துளை போட்டுவிட்டேன். ஆனாலும் ஒரு குறுக்குக்கட்டை மிகச்சரியாக, வண்டியைத் தடம் மாற்றிவிடுகிற பாயின்ட் மோட்டார் வரவேண்டிய இடத்துக்குக் கீழே போய் நின்றுவிட்டது, அதை அறுத்து நகர்த்திய கதை தனி. இரண்டு மணையும் சேருகிற முகத்தில் ஒன்றில் பித்தளை முளை, மற்றதில் அது நுழைகிற பித்தளைக் குழி, அப்புறம் போல்ட்டு போட்டு இறுக்குவது. அரை மில்லிமீட்டர் விலகினாலும் N கேஜ் வண்டி அங்கே கவிழும், அதனால்தான் இந்த ஏற்பாடு. டோவெல் என்கிறார்கள். முளை என்பது ஆசாரி வழக்கு, குழிக்கு அவர் சொல்லும் சொல் என்ன என்று கேட்க மறந்துவிட்டேன். மரவேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், நிலைக்கதவின் மேலும் கீழும் இருக்கும் குடுமி உட்காருகிற குழிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? அது கிடைத்தால் அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.