பழைய மினி மோட்டரை ஓடவைக்க ஒரு வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் வெள்ளவத்தை. அப்பப்பாவின்ர றலி சைக்கிளில பூட்ட ஒரு டிரோஜன் மினி மோட்டர் கிடைச்சிருக்கு. 49.9 சி.சி., டூ ஸ்ட்ரோக். பின் டயருக்கு மேல இருந்து, உருளையால டயரை உரசி ஓட்டுற சாமான். பிஸ்டன் இறுகேல்லை, நல்ல காலம். மக்னீற்றோவில (பிளக்குக்குக் கரண்ட் உண்டாக்கிற காந்தச் சாமான்) பொறிதான் வருதில்லை. அதுக்குள்ள கரண்டை விட்டு விட்டு வெட்டுற பொயின்ற்ஸைத் துடைச்சுப் பார்த்திட்டன். பொயின்ற்ஸோட சேர்ந்த கண்டன்சர் (மின்தேக்கி) செத்திருக்கும் எண்டு நினைக்கிறன். கொழும்பில உதிரிப்பாகக் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில நாலு கடை ஏறி இறங்கினன், சிரிச்சுப்போட்டு அனுப்பினாங்கள். வேற எஞ்சின்ர கண்டன்சரை வெளியில வயர் இழுத்துப் பூட்டினா சரிவருமா?

உருளையும் தேஞ்சு வழவழப்பாப் போச்சு, மழைக்கு வழுக்கும். அதுக்குப் பல்லு வெட்டித்தர நல்ல லேத் பட்டறை தெரிஞ்சா சொல்லுங்கோ. 'வித்துப்போட்டு ஸ்கூட்டி வாங்கு' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அதை வீட்டில தினமும் கேக்கிறன்.